இடம் மாறிய மதிப்பெண்கள்

சிதம்பரம்
11 பிப்ரவரி 2025

அறிவழகனுக்கு,

பொங்கலன்று உன் வீட்டுக் கூடத்தில் நடந்ததற்குப் பிறகு உனக்கு எழுதுவதாக இல்லை. நீ போன் செய்தபோதெல்லாம் உன் அக்கா கயலு கொண்டுவந்து நீட்டினாள். நான்தான் வாங்கவில்லை. இப்போதும் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஒரு கோப்பு விஷயம். எனக்குத் தெரிந்தவர்களில் இந்த வேலை தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

இதை நானே தட்டுகிறேன். ஒவ்வொரு எழுத்தையும் கணினி சொல்லச் சொல்லக் கேட்டுத் தட்டுவதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கயலுவை எழுதச் சொல்லவில்லை. அவளுக்கு இது தெரியவும் வேண்டாம்.

எங்கள் பள்ளி அலுவலகத்தில் இருக்கும் மென்பொருள் மதிப்பெண்களை எக்ஸ்.எம்.எல். கோப்பாகத்தான் வெளியே தரும். அதை அப்படியே திறந்தால் என் கணினி ஏதேதோ குறிகளை வாசித்துத் தள்ளும். அதனால் ஓர் இலவச இணையதளத்தில் அதை ஏற்றுவேன். அது எச்.டி.எம்.எல். என்னும் இணையப் பக்கமாக மாற்றிக் கொடுக்கும். அதில் அட்டவணை ஒழுங்காக இருக்கும். அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனால் பெயர், முதல் தேர்வு, இரண்டாம் தேர்வு என்று கட்டம் கட்டமாகக் காதில் விழும். கண் முழுக்கப் போன பிறகு இந்த வருடம் அப்படித்தான் சமாளித்தேன்.

போன வாரம் பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண்களை வாசித்தேன். நௌஷீன் என்றொரு பெண், வேதியியலில் கெட்டிக்காரி. அவளுக்கு மாதிரிச் செய்முறைத் தேர்வின் கட்டம் காலியாக இருந்தது. அந்தத் தேர்வை நடத்தியவர் ஆரோக்கியராஜ் சார், நான் இல்லை.

"பிராக்டிகலுக்கு ஏம்மா வரல?" என்றேன்.

"வந்தேன் சார்."

"வந்திருந்தா மார்க் எப்படி இல்லாம போவும்? பொய் சொல்லாத."

அவள் உட்கார்ந்து அழுதாள். வகுப்பே அமைதியாக இருந்ததால் எனக்கு அது நன்றாகக் கேட்டது.

மதியம் ஆரோக்கியராஜ் சார் வந்தார். "அந்தப் பொண்ணு இருபத்தேழு வாங்கியிருக்கு சார். நாந்தான போட்டேன்" என்றார். அலுவலகத்தில் அசல் கோப்பைத் திறந்து பார்த்தார். இருபத்தேழு அங்கே இருக்கிறது. என் பக்கத்தில் மட்டும் இல்லை.

மறுநாள் அவளுடைய அப்பா மீரான் பாய் வந்தார். ஜனவரியில் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். இந்தப் பெண்தான் கூட இருந்திருக்கிறாள். அதில் இரண்டாம் தேர்வை மட்டும் எழுதவில்லை. அவர் சத்தம் போடவில்லை. "எம் பொண்ணு பொய் சொல்லாது சார். அந்த வார்த்த மட்டும் வேணாமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைமையாசிரியர் அறையில்தான் இது நடந்தது. மீரான் பாய் போன பிறகு தலைமையாசிரியர் என்னிடம், "அடுத்த வருசம் நீங்க நூலகத்த பாத்துக்குங்க தேவநாதன். உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி" என்றார்.

இரண்டு கோப்புகளையும் இணைத்திருக்கிறேன். எங்கே தவறு நடந்தது என்று மட்டும் சொல்.

தேவநாதன்


கடலூர் முதுநகர்
13 பிப்ரவரி 2025

மாமாவுக்கு,

பார்த்தேன். தவறு உங்களுடையது இல்லை. ஆரோக்கியராஜ் சாருடையதும் இல்லை.

உங்கள் அலுவலகக் கோப்பில் காலிக் கட்டம் என்று ஒன்றை எழுதுவதே கிடையாது. நௌஷீன் வரிசையில் பெயர் இருக்கிறது, முதல் தேர்வு இருக்கிறது, உடனே மூன்றாம் தேர்வு வந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தின் மேல் 'இது நான்காவது இடம்' என்று ஒரு சின்னக் குறிப்பு மட்டும் இருக்கிறது. விவரமான மென்பொருள் அந்தக் குறிப்பைப் படித்து நடுவில் ஓர் இடம் விட்டு வைக்கும். நீங்கள் பயன்படுத்தும் தளம் அதைக் கண்டுகொள்வதில்லை. கட்டங்களை நெருக்கி அடுக்கிவிடுகிறது. பஸ் சீட்டில் நடுவில் இருந்தவர் எழுந்து போனதும் மற்றவர்கள் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி. மூன்றாம் தேர்வு மார்க் இரண்டாம் தேர்வில் உட்கார்ந்துவிட்டது, செய்முறை மார்க் மூன்றாம் தேர்வில். கடைசிக் கட்டம் காலி. ஒரு தேர்வைக்கூட விடாத பிள்ளைகளுக்கு இது நடக்காது. அதனால்தான் இத்தனை நாள் உங்களுக்குத் தெரியவில்லை.

சிப்காட்டில் எங்கள் கம்பெனியிலும் இந்த வேலைதான். வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு கெமிக்கலுக்கும் பாதுகாப்புத் தாள் உண்டு. வாங்குகிறவன் கேட்கிற வடிவத்துக்கு அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றிய பிறகு அசலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அனுப்பமாட்டோம். நீங்களும் ஒப்பிட்டிருக்கலாம். இன்னொன்று, பிள்ளைகளின் பெயரோடு மதிப்பெண்ணை யாரோ நடத்தும் தளத்தில் ஏற்றாதீர்கள்.

கோபப்படாமல் படியுங்கள். இந்தத் தளத்தில் இது. நாளைக்கு வேறொன்றில் வேறு தவறு. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு பிள்ளை அழுதுகொண்டு நிற்கும், உங்களுக்கு அவமானம். நீங்கள் பள்ளியிலிருந்து வரும்வரை அக்கா வாசலிலேயே நிற்கிறாளாம். பொங்கலன்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சொன்ன விதம் தப்பு. சொன்னது தப்பில்லை.

அறிவழகன்


சிதம்பரம்
15 பிப்ரவரி 2025

அறிவழகனுக்கு,

விளக்கத்துக்கு நன்றி. பஸ் சீட்டு உதாரணம் நன்றாக இருந்தது. வகுப்பில் நானும் அதையே சொன்னேன்.

ஆம், வகுப்பில் சொன்னேன். "நௌஷீன், எந்திரி" என்றேன். "உம் மார்க் இருபத்தேழு. எனக்குப் படிச்சுக் காட்டினது தப்பா காட்டிடுச்சு. அது மெஷினோட தப்பு. நீ பொய் சொல்றேன்னு சொன்னது என்னோட தப்பு" என்றேன். "பரவால்ல சார்" என்றாள். குரலில் பரவாயில்லை என்பது இல்லை. அவளைக் குறை சொல்ல முடியாது.

ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். எதோடு ஒப்பிடுவது? அசலைப் படிக்க முடியாததால்தானே மாற்றவே செய்கிறேன்? உன் கம்பெனியில் இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பீர்கள். எனக்கு இருப்பது காது என்ற ஒரே வழிதான். அது சொல்வதை நம்பித்தான் வகுப்புக்குள் போகிறேன்.

வாசலில் நிற்பதைப் பற்றி உன் அக்காவிடமே பேச்சுவாக்கில் கேட்டேன். "பால்காரன் வரலன்னு நின்னேன். எவன் சொன்னான் ஒங்களுக்கு?" என்றாள்.

கோப்புக்கு வழி கேட்டேன். என் வேலையை என்ன செய்வது என்று கேட்கவில்லை. இனி கோப்புக்கும் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

தேவநாதன்


கடலூர் முதுநகர்
2 மார்ச் 2025

மாமாவுக்கு,

பதில் எழுதாமல் இருந்தது கோபத்தினால் இல்லை. 'எதோடு ஒப்பிடுவது' என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆபீசில் உட்கார்ந்தாலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது ஒன்று செய்திருக்கிறேன். இத்துடன் ஒரு சின்ன நிரல் அனுப்புகிறேன். அலுவலகக் கோப்பை அதில் போட்டால், எங்கெல்லாம் இடம் விட்டிருக்கிறதோ அங்கெல்லாம் 'வரவில்லை' என்ற சொல்லை நிரப்பிவிடும். பிறகு உங்கள் கணினியிலேயே எச்.டி.எம்.எல். ஆக்கும், வெளித்தளத்துக்குப் போகவே வேண்டாம். கடைசியில் அசலையும் புதியதையும் வரிசை வரிசையாகத் தானே எண்ணிப் பார்க்கும். ஒத்துப்போனால் 'சரி' என்று சொல்லும். எங்காவது இடித்தால் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லும்.

அந்தத் தளத்துக்காரருக்கும் எழுதினேன். 'இந்தக் குறிப்பை நாங்கள் கவனித்ததே இல்லை, மன்னிக்கவும்' என்று பதில் வந்தது. போன வாரம் திருத்தியும்விட்டார்கள். உங்களை மாதிரி எத்தனை பேர் நம்பிக்கொண்டிருந்தார்களோ.

இன்னொன்று. அயனிச் சமநிலைக்கு நீங்கள் எழுதிய பாடக்குறிப்பு பழைய மின்னஞ்சலில் இருந்தது. அதையும் அதே தளத்தில் மாற்றி, திரையை அணைத்துவிட்டு, நீங்கள் கேட்கிற மாதிரி கேட்டுப் பார்த்தேன். மேலே சின்னதாக எழுதும் எண், கீழே சின்னதாக எழுதும் எண் எல்லாவற்றையும் கீழே தள்ளி ஒரே மட்டமாக்கி வைத்திருக்கிறது. கழித்தல் குறியை வாயில் போட்டுக்கொள்கிறது. ஒரு பக்கம்கூடத் தாங்கவில்லை எனக்கு. இதையா வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்?

பாடங்களை எல்லாம் அனுப்புங்கள். ஒழுங்காக்கித் தருகிறேன். ஒவ்வொரு குறியையும் எப்படிக் கேட்டால் உங்களுக்கு வசதி என்று சொல்லுங்கள்.

ஒரு சந்தேகம். உங்களுக்கு முதன்முதலில் எப்படித் தெரிய ஆரம்பித்தது? எந்த வயதில்? இதை நான் கேட்டதே இல்லை.

அறிவழகன்


சிதம்பரம்
6 மார்ச் 2025

அறிவு,

நிரல் வேலை செய்கிறது. முப்பத்தெட்டு பிள்ளைகளையும் எண்ணிவிட்டு 'சரி' என்று சொன்னபோது நானும் 'சரி' என்று பதில் சொன்னேன். கயலு உள்ளேயிருந்து, "யார் கிட்ட பேசறீங்க?" என்றாள். அத்தோடு மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எந் தம்பி கிட்ட பேசறதுக்கு என்கிட்ட எதுக்கு ஒளிக்கணும்?" என்று ஒரு பிடி பிடித்தாள். பிறகு உன் கடிதங்களை என்னையே சத்தமாக வாசிக்க வைத்துக் கேட்டாள்.

கேட்டுவிட்டு அவள் சொன்ன ஒன்றைப் பின்னால் எழுதுகிறேன். முதலில் பாடம்.

பத்துக்கு மேலே கழித்தல் ஐந்து என்றால், 'பத்தின் அடுக்கு கழித்தல் ஐந்து' என்று முழுதாக வேண்டும். கழித்தல் என்ற சொல் எந்தக் காரணத்தாலும் விடுபடக் கூடாது, விட்டால் வலிமை குறைந்த அமிலம் வலிமை மிக்க அமிலமாகிவிடும். கால்சியம் அயனியை 'கால்சியம் டூ பிளஸ்' என்றே சொல்லட்டும், பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள். சமன்பாட்டில் அம்பு வந்தால் 'தருகிறது'. இரண்டு பக்கமும் போகும் அம்புக்கு என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கிறேன். நீயும் யோசி. தலைப்புகளைத் தலைப்பு என்றே குறித்துவிடு, அப்போதுதான் ஒரே விசையில் தாவிப் போக முடியும். இப்போது நடுவில் ஒன்றைத் தேட வேண்டுமென்றால் பாடத்தை முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். கல்லூரியில் படிக்கும்போது சினிமாவுக்குப் போவோம். இடைவேளை முடிந்து உள்ளே வந்தால் மற்றவர்கள் சீட்டைக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் யார் மடியிலாவது உட்காருவேன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அப்புறம் பொழுது சாய்ந்தால் சைக்கிள் ஓட்ட முடியவில்லை. அப்புறம் பக்கத்தில் வருகிறவர்கள் திடீரென்று முளைத்த மாதிரி தெரிய ஆரம்பித்தார்கள். நேரே இருப்பது நன்றாகத் தெரிந்ததால் பத்து வருடத்துக்கு மேல் யாருக்கும் சொல்லாமல் ஓட்டிவிட்டேன். உன் அக்காவைத் தவிர.

இப்போது நான் கேட்கிறேன். ஏன் கேட்டாய்? பைக்கை விற்றுவிட்டாய் என்று கயலு சொல்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுகிறாய் என்கிறாள். உன் அப்பாவும் என் அம்மாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அதை நான் மறந்துவிடவில்லை.

தேவநாதன்


கடலூர் முதுநகர்
9 மார்ச் 2025

மாமா,

நீங்கள் நினைப்பதுதான்.

இரண்டு வருடமாக இருக்கிறது. அதற்கு முன்பும் இருந்திருக்கலாம், கவனித்ததில்லை. போன ஆடியில் கம்பெனி குடோனில் டிரம்களில் ஒட்டிய சீட்டைச் சரிபார்க்கப் போனேன். சாயங்காலம், உள்ளே ஒரே ஒரு டியூப்லைட். லாரியில் ஏற்றும் மேடை முடிந்தது தெரியாமல் காலை வைத்தேன். கீழே விழுந்தேன். கை மட்டும் பிசகியது. பக்கத்தில் அமில டிரம்கள் அடுக்கியிருந்தார்கள். எண்ணெய் வழுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டேன். பக்கத்து ஊரான குடிகாட்டிலிருந்து வேலைக்கு வரும் ராஜமாணிக்கம் அண்ணன்தான் தூக்கிவிட்டார். அவர் என் முகத்துக்கு நேரே கையை ஆட்டி, "தெரியுதா தம்பி?" என்றார். தெரிகிறது என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டரிடம் போகவில்லை. போனால் இதற்கு ஒரு நோயின் பெயர் வைத்துவிடுவார்கள்.

அம்மா பெண் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஏதாவது சொல்லித் தட்டிவிடுகிறேன். "யாரையாச்சும் மனசுல நெனச்சிருந்தா சொல்லிடுறா, எந்தச் சாதியா இருந்தாலும் பரவால்ல" என்று போன வாரம் அழுதார்கள்.

பொங்கலன்று கரும்புக் கட்டு காலில் தட்டி நீங்கள் விழப் பார்த்தீர்கள். எல்லோரும் ஓடி வந்தார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே, "திங்கக்கெழம ஸ்கூல் இருக்கு, கால ஒடச்சிடாதீங்க" என்றீர்கள். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. எனக்கு இப்படி ஆனால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் கதவைச் சாத்திக்கொள்வது என்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன். நீங்கள் பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அதுதான் நடந்தது. அக்காவுக்காகப் பேசினேன் என்பதெல்லாம் சும்மா.

இந்தக் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டாதீர்கள். நான் சொல்லிக்கொள்கிறேன்.

அறிவு


சிதம்பரம்
10 மார்ச் 2025

மச்சான்,

வாசித்துக் காட்டவில்லை. காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன்.

சனிக்கிழமை லீவு போடு. நான் வழக்கமாகக் காட்டும் புதுச்சேரி கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இங்கிருந்து காலை ஏழு மணி புதுச்சேரி வண்டியில் ஏறுகிறேன். நீ முதுநகரில் ஏறிக்கொள். டிரைவருக்குப் பின் சீட்டில் இருப்பேன். மருந்து ஊற்றினால் அன்று முழுக்கப் பார்வை மங்கலாக இருக்கும், கறுப்புக் கண்ணாடி எடுத்து வா. மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயானால் சீட்டு எடுத்து வா. கண் பரிசோதனைக்குப் போகிறேன் என்று கயலுவிடம் சொல்லியிருக்கிறேன். யாருடைய கண் என்று அவள் கேட்கவில்லை.

பெயர் வைத்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதைப் போக்க என்னிடம் வார்த்தை எதுவும் இல்லை. கூட வருகிறேன்.

பொங்கலைப் பற்றி இனிமேல் எழுத வேண்டாம்.

மாமா


கடலூர் முதுநகர்
24 மார்ச் 2025

மாமா,

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் ஒன்றுமே பேசவில்லை. முதலில் கஷ்டமாக இருந்தது. பிறகு அதுதான் நல்லது என்று தோன்றியது. டாக்டர் சொன்னதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்தேன். "உங்க மாமாவுக்குப் போன வேகத்துலயே உங்களுக்கும் போவும்னு யாராலயும் சொல்ல முடியாது. நடுப் பார்வை நல்லாருக்கு. வருசா வருசம் வாங்க, பாத்துக்கிட்டே இருப்போம்." இதில் பாதி நல்ல செய்தி, பாதி எனக்குத் தெரியவில்லை.

அக்காவிடம் போனில் சொன்னேன். "நீ சாயங்காலம் கெளம்பறப்பல்லாம் நெனச்சேன்டா" என்றாள்.

அம்மாவிடம் நேற்று சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தாமல் நறுக்கினார்கள். அப்புறம், "தேவநாதன் வேலைக்குப் போறானா இல்லயா?" என்று கேட்டார்கள். போகிறார் என்றேன். "எம் பொண்ணு சந்தோசமா இருக்காளா இல்லயா?" இருக்கிறாள் என்றேன். "அப்ப பொண்ணு வூட்ல மொதல்லயே சொல்லிட்டுப் பேசுவோம். ஒத்துக்கறவங்க ஒத்துக்கட்டும்." இவ்வளவையும் தைரியமாகச் சொல்லிவிட்டு, கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் வரவில்லை. நானும் போகவில்லை.

கம்பெனியிலும் சொல்லிவிட்டேன். குடோன் வேலையை எடுத்துவிட்டார்கள். இனிப் பகலில், ஆபீசில், தாள்கள் மாற்றும் வேலை மட்டும். மேனேஜர் அருள்முருகன் சார் நல்லவர்தான். ஆனால் என்னிடம் பேசும்போது இப்போது சத்தமாகப் பேசுகிறார். காது நன்றாகத்தான் இருக்கிறது சார் என்று ஒருநாள் சொல்ல வேண்டும்.

பாடங்களில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. இரண்டு பக்க அம்புக்கு, 'தருகிறது, திரும்பவும் தருகிறது' என்று வைத்திருக்கிறேன். நீளமாக இருந்தால் சொல்லுங்கள்.

அறிவு


சிதம்பரம்
14 ஜூன் 2025

மச்சான்,

'திரும்பவும் தருகிறது' நீளம்தான். ஆனால் பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. வகுப்பில் நான் சொன்னதும் அவர்களும் கூடச் சேர்ந்து சொன்னார்கள்.

பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரிடம் போனேன். நூலகத்துக்கு அனுப்புவதற்கு முன் ஒரு வகுப்பு எடுக்க விடுங்கள், நீங்களே வந்து உட்கார்ந்து பாருங்கள் என்றேன். பார்வை போனதற்காக ஒருவரைப் பதவியில் கீழிறக்கக் கூடாது என்ற சட்டம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதை நான் பேசவில்லை. "சரி, செவ்வாக்கெழம எடுங்க" என்றார்.

பன்னிரண்டாம் வகுப்பு. ஒரு காதில் மட்டும் கருவி, போன் சட்டைப்பையில், மேசையில் அதன் சின்ன விசைப்பலகை. நீ குறித்துக் கொடுத்த தலைப்புகளில் தாவித் தாவிப் போனேன். பாடம் என் மனதில் இருக்கிறது, எண்களுக்கு மட்டும்தான் காது வேண்டும். பாதியில் தலைமையாசிரியர் பின்பெஞ்சிலிருந்து, "ரெண்டாவது அட்டவணைல அசிட்டிக் அமிலத்துக்குக் கீழ என்ன இருக்கு சார்?" என்றார். சோதிக்கிறார் என்று வகுப்புக்கே தெரிந்தது. இரண்டு விசை. சொன்னேன். அடுக்கு கழித்தலையும் விடாமல் சொன்னேன்.

அதுவரை நன்றாகத்தான் போனது. கரும்பலகையில்தான் சறுக்கினேன். எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுதியிருக்கிறேன். "சார், மேல மேல எழுதறீங்க" என்று முன்வரிசையில் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். சாக்பீஸை அவளிடமே கொடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன்.

மணி அடித்த பிறகு அவர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். "பன்னெண்டு வேணாம் தேவநாதன். காலேஜ் சேர்ற மார்க்கு, பெத்தவங்க கேள்வி கேப்பாங்க. பதினொன்னு எடுத்துக்குங்க. பிராக்டிகல ஆரோக்கியராஜ் பாத்துக்கட்டும்" என்றார். நூலகம் என்ற பேச்சை எடுக்கவில்லை.

எனக்குக் கோபம்தான். பதினேழு வருடமாகப் பன்னிரண்டு எடுத்தவன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். கயலு வந்து, "கிளாஸ் குடுத்திருக்காங்களா இல்லயா? அடுத்த வருசம் அந்தப் புள்ளைங்களோடவே பன்னெண்டுக்குப் போங்க" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. எழுந்து சாப்பிட்டேன்.

நௌஷீன் கல்லூரியில் சேர்ந்துவிட்டாளாம். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவள் என்னைப் பார்க்காமலே போய்விட்டாள் என்று ஆரோக்கியராஜ் சார் சொன்னார். வருவாள் என்று எதிர்பார்த்தேன் என்றால் அது என் பிழை.

பதினொன்றாம் வகுப்புப் பாடங்கள் என்னிடம் குறிப்பாக இல்லை. மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். நான் சொல்கிறேன், நீ குறி போடுகிறாயா?

மாமா


கடலூர் முதுநகர்
19 ஜூன் 2025

மாமா,

போடாமல்? முதல் பாடத்தை அனுப்புங்கள்.

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கரும்பலகை இடத்தில், "அவன் கையெழுத்து எப்பவுமே அப்படித்தான்" என்றார்கள்.

ஆரோக்கியராஜ் சார் என் எண்ணை யாருக்கோ கொடுத்திருக்கிறார். கம்மாபுரத்திலிருந்து அருள்மொழி என்று ஒரு டீச்சர் பேசினார். கணக்கு எடுக்கிறாராம், அவருக்கும் பார்வை இல்லை. "பின்னத்த எப்படிங்க கம்ப்யூட்டர படிக்க வைப்பீங்க?" என்று கேட்டார். தெரியாது, நீங்கள் எப்படிக் கேட்க விரும்புகிறீர்கள் என்று நான் கேட்டேன். அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். அடுத்த மாதத்துக்குள் ஒரு பாடம் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கும் ஒரு விஷயம். ஆபீசில் இப்போது மதியம் ஒரு மணி நேரம் திரையை அணைத்துவிட்டுக் காதிலேயே வேலை பார்க்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். முதல் நாள் நாலு வரியில் தலை வலித்தது. இப்போது ஒரு தாளை முழுதாக முடிக்க முடிகிறது.

அடுத்த வாரம் அக்கா வரச் சொல்கிறாள். இறால் வாங்கி வைக்கிறேன் என்கிறாள். வெள்ளிக்கிழமையே வந்தால் இரண்டு நாள் இருக்கலாம். ஆனால் வேலை முடிந்து குடிகாட்டில் பஸ் ஏறினால் அங்கே இறங்கும்போது இருட்டிவிடும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அந்த நேரத்துக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். எதிரே வரும் வண்டி விளக்கு கண்ணில் பட்டால் எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரிவதில்லை. அதனால் சனிக்கிழமை காலையில் வருகிறேன்.

அறிவு


சிதம்பரம்
21 ஜூன் 2025

மச்சான்,

வெள்ளிக்கிழமையே வா.

கடலூர் வண்டிகள் நிற்கும் இடம் எனக்குத் தெரியும். தினமும் அந்த வழியாகத்தான் கோலோடு நடந்து வருகிறேன். பகலோ இருட்டோ எனக்கு ஒன்றுதான். ஏழு மணிக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறேன்.

எல்லோரும் இறங்கிய பிறகு மெதுவாக இறங்கு. படி உயரமாக இருக்கும், கைப்பிடியை விடாதே. இறங்கியதும் நடக்காதே, என்னைத் தேடவும் வேண்டாம். நின்ற இடத்திலேயே நின்று 'மாமா' என்று ஒரு குரல் கொடு.

நான் வந்துவிடுவேன்.

தேவநாதன்